காதில் சொல்லும் விலை: உங்கு அசிஸின் வறுமை ஆய்வும் கெடாத் தோட்டத் தமிழரும்

மூடா ஆறு கடலில் கலக்குமிடம் கோத்தா கோலா மூடா. ஆற்றுக்குத் தெற்கே பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை, வடக்கே கெடா. படகுகள் கரை சேர்ந்ததும் இங்கே நடக்கும் மீன் ஏலத்தில் கூச்சல் கிடையாது. வாங்க வந்தவர்கள் விற்பவரைச் சூழ்ந்து நின்று, ஒவ்வொருவராக அவர் காதருகே குனிந்து தாங்கள் தரும் விலையைச் சொல்கிறார்கள். அடுத்தவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. எல்லாரும் சொல்லி முடித்தபின், மிகுந்த விலை சொன்னவருக்கு மீன் போகிறது. மலாயில் இதற்குப் பெயர் பாசார் பிசிக், அதாவது கிசுகிசுச் சந்தை. சுற்றுலாப் பயணிகள் இதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். வறுமையின் வரலாற்றை ஆராய்கிறவர் சற்று நேரம் நிற்க வேண்டிய இடம் இது.

பொருளியலில் இதற்கு மூடிய ஏலம் என்று பெயர். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய கட்டுரை ஏல முறைகளைக் கணித முறையில் ஒப்பிட்டது. அந்தத் துறையை உருவாக்கிய கட்டுரைகளில் அது ஒன்று. 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வாய்விட்டுக் கூவும் ஏலத்தில் வாங்குகிறவர்கள் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவது எளிது. ஒருவன் பேச்சை மீறி விலை ஏற்றினால் மற்றவர்கள் அங்கேயே கண்டுகொள்வார்கள். காதில் சொல்லும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராமலே கடலோர மக்கள் இந்த முறையைக் கைக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த முறை பலன் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விற்கிறவனுடைய காது சுதந்திரமாக இருக்க வேண்டும். படகுக்கும் என்ஜினுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவனே மீனையும் வாங்குகிறவன் என்றால், எத்தனை பேர் சூழ்ந்து நின்றாலும் அந்தக் காதில் விழுவது ஒரே குரல்தான். மலேசியாவில் வறுமையை ஆராய்ந்த முதல் தலைமுறைப் பொருளியலாளருள் முதன்மையானவரான உங்கு அப்துல் அசிஸ் தன் வாழ்நாள் ஆய்வில் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த நிபந்தனையைப் பற்றித்தான். அந்தக் கேள்வி கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரரிடமிருந்து தோட்டத்துத் தமிழர் வரை வந்ததும், பாதி வழியில் நின்றுபோனதுமே இக்கட்டுரையின் பொருள்.

வறுமைக்கோடு வருமுன்

கெடாவில் தோட்டத் தமிழருடைய தேவையைக் கணக்கிடும் வேலை சுதந்திரத்துக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. 1920-களில் காலனி அரசின் இந்தியக் குடிவரவுக் குழு, ஒரு தொழிலாளி உயிர் வாழ எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை முழத் துணி வேண்டும் என்று பட்டியல் போட்டு, அதன்மேல் நாட்கூலியை நிர்ணயித்தது. பெயரில்லாத வறுமைக்கோடு அது என்று நான் கருதுகிறேன். ஒரு மனிதனுக்குக் குறைந்த அளவு என்ன வேண்டும் என்று அளந்தார்கள். ஆனால் அளந்தது அவனுக்கு வேலை கொடுத்தவனின் வசதிக்காக. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி 1930-களின் பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்டது. இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1937-இல் அளித்த அறிக்கை பழைய 50, 40 காசுக்குத் திரும்பும்படி பரிந்துரைத்தது. அதற்குமேல் கேட்கத் துணியவில்லை என்று இங்கிருந்த தமிழர்கள் அவர்மேல் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டு, 1938-இல், உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது.

ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலமும், தோட்டத் தமிழரை வேலைக்கு இழுத்துச் சென்ற சயாம் ரயில்பாதையும் தோட்டங்களைக் குலைத்துப் போட்டன. மீண்டு வந்தவர்கள் முன்போலத் தலைகுனிந்து பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு வரிசைக்கு) நிற்கவில்லை. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை 1947-இன் தொடக்கத்தில் கள்ளுக்கடைகளை மறித்தது. போலீஸோடு மோதல் வந்தது, உயிர்கள் போயின, பலர் சிறை சென்றார்கள். தமிழன் ஏழையாக இருப்பது குடிப்பதால்தான் என்பது அன்று நிர்வாகங்களின் வழக்கமான பேச்சு. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் வைத்தது யார் என்று தொண்டர் படை திருப்பிக் கேட்டது. ஏழையின் குணத்தில் காரணம் தேடும் விளக்கத்தை ஏழைகளே மறுத்த நிகழ்ச்சி இது. பல்கலைக்கழகத்து ஆய்வு அதே கேள்விக்கு வர இன்னும் பத்தாண்டுகள் ஆயின.

உங்கு அசிஸ் கேட்டது

உங்கு அசிஸ் 1922 ஜனவரி 28-இல் லண்டனில் பிறந்தவர், ஜொகூர் அரச குடும்பத்து வழி வந்தவர். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்லூரியிலும் அப்போது அங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பொருளியல் படித்தார். அங்கேயே விரிவுரையாளரானார். பின்னர் கோலாலம்பூரில் பொருளியல் புலத்தின் தலைவர், 1964-இல் தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1978-இல் அரசப் பேராசிரியர் என்ற பட்டம் பெற்றார். 2020 டிசம்பர் 15-இல் 98 வயதில் காலமானார்.

பதவிகளைவிட முக்கியமானது அவர் 1950-களிலிருந்து எழுதியது. மலாய்க்காரர் ஏழையாக இருப்பது அவர்கள் சோம்பேறிகளாக இருப்பதால் என்ற கூற்று அன்று அதிகாரிகளிடமும் செய்தித்தாள்களிடமும் கேள்விக்கு இடமின்றிப் புழங்கியது. 1957-இல் நாளிதழில் எழுதிய கட்டுரைத் தொடரிலும், 1964-இல் வெளியான கிராம வறுமை பற்றிய ஆய்விலும் அவர் அதைப் பிரித்துப் போட்டார். வறுமைக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: உற்பத்தித்திறன் குறைவு, சுரண்டல், அரசின் புறக்கணிப்பு. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்பவை. உரம் வாங்கவும் வலை வாங்கவும் கையில் காசு இல்லாததால் விளைச்சல் குறைகிறது. காசுக்கு இடைத்தரகனிடம் போனால் விளைந்ததை அவன் சொல்லும் விலைக்கு அவனிடமே விற்க வேண்டியிருக்கிறது. பள்ளியும் சாலையும் மருத்துவமும் வராததால் அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. விற்பதிலும் வாங்குவதிலும் ஒரே ஆள் எதிரே நிற்கும் நிலை இது. பெரிய நிறுவனங்களைப் பற்றிய பாடத்தில் வரும் 'ஒற்றைக் கொள்முதல்' என்ற கருத்தை அவர் கம்பத்துக் கடைத்திண்ணையிலும் மீன் இறங்கும் துறையிலும் கண்டார். சோம்பேறிப் பழியைச் சமூகவியலாளர் சையத் உசேன் அலத்தாஸ் நூலாகவே எழுதி உடைத்தது 1977-இல்தான் என்பதை நினைத்தால், உங்கு அசிஸின் முன்னோட்டம் எவ்வளவு துணிவானது என்று தெரியும்.

அவர் அளக்கும் முறையும் தனியானது. பரவலாகப் பேசப்படுவது சாரோங் (கைலி) குறியீடு. ஒரு வீட்டில் உள்ள சாரோங்குகளின் எண்ணிக்கையை, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே போனால் அந்த வீடு ஏழை வீடு. கேட்டவுடன் எளிமையாகத் தோன்றும். ஆனால் கம்பத்தில் வருமானம் என்ன என்று கேட்டால் சரியான விடை வராது. நெல்லும் மீனும் தேங்காயும் கணக்கில் ஏறுவதில்லை. கடனைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. சாரோங்கை ஆணும் பெண்ணும் கட்டுகிறார்கள், தொழுகைக்கு உடுத்துகிறார்கள், போர்வையாக்குகிறார்கள், குழந்தைக்குத் தொட்டிலாகக் கட்டுகிறார்கள். கையில் கொஞ்சம் மிஞ்சினால் முதலில் வாங்குவது அதுதான். மக்கள் வாழ்க்கைக்குள் இருந்தே அளவுகோலைத் தேடி எடுத்த அறிவு அது.

அந்த அறிவு அவரை ஒரு திட்டத்துக்கும் இட்டுச் சென்றது. மக்கா செல்ல ஆசைப்பட்ட கிராமத்து முஸ்லிம்கள் வட்டிக்கு அஞ்சி வங்கிக்குப் போகாமல் பணத்தைத் தலையணைக்கடியிலும் மூங்கிலிலும் சேர்த்தார்கள், பயணச் செலவுக்கு நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள், திரும்பி வந்தபோது முன்னைவிட ஏழையானார்கள். 1959-இல் உங்கு அசிஸ் முன்வைத்த யோசனையின்படி வட்டியில்லாச் சேமிப்புக் கழகம் 1962-இல் சட்டப்படி அமைந்து, 1963-இல் பணி தொடங்கியது. 1969 முதல் தாபோங் ஹாஜி என்று வளர்ந்தது அதுதான். ஏழைக்கும் சேமிக்கத் தெரியும், அவன் நம்பும் இடம்தான் வேண்டும் என்பதற்கு நாடு முழுவதும் தெரிந்த சான்று அது.

தோட்டத் துண்டாடல்

தமிழ் வாசகர் உங்கு அசிஸை அறிய வேண்டியது சாரோங் குறியீடு, ஹாஜிகளின் சேமிப்பு என்ற இந்த இரண்டுக்காக மட்டுமன்று. அதிகம் பேசப்படாத ஒரு பெரிய ஆய்வு அவருக்கு உண்டு. 1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடல் பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1960-களின் தொடக்கத்தில் பல தொகுதிகளாக வந்த ஆய்வு அது.

துண்டாடல் என்ற சொல்லைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் ஒரு நடுக்கத்தோடுதான் சொல்வார்கள். கொரியப் போரில் ரப்பர் விலை ஏறியிருந்தது. அவசரகாலக் கெடுபிடியும் நெருங்கி வந்த சுதந்திரமும் வெள்ளைக்காரக் கம்பெனிகளை யோசிக்க வைத்தன. மரங்கள் முதிர்ந்து மறுநடவுக்குச் செலவு காத்திருந்தது. அந்த நிலையில் கம்பெனிகள் தோட்டங்களை மொத்தமாக விற்றன. வாங்கிய வணிகக் கூட்டங்கள் சில ஏக்கர் துண்டுகளாக வெட்டிப் பலருக்கு விற்று லாபம் பார்த்தன. தாளில் அது நிலப் பரிவர்த்தனை. தோட்டத்திலோ லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), குடிநீர்க் குழாய், மருந்தகம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே நாளில் உரிமையாளர் இல்லாதவை ஆயின. பத்து ஏக்கர் வாங்கியவன் தன் குடும்பத்தை வைத்தே பால் வெட்டிக்கொள்வான். ஆள் வைத்தாலும் ஒப்பந்தக்காரன் மூலம் வைப்பான். சங்கம் பேசி வாங்கிய கூலி அங்கே செல்லாது.

உங்கு அசிஸின் ஆய்வு இதை வெறும் தொழிலாளர் துயரமாக எழுதவில்லை. துண்டான நிலத்தில் மறுநடவு நின்றுபோகிறது, விளைச்சல் குறைகிறது, நாட்டின் மூலதனம் கரைகிறது என்று பொருளியல் கணக்காகக் காட்டி, அரசு தலையிட வேண்டும் என்றது. மலாய்க் கம்பத்தில் சொன்ன அதே மூன்று காரணங்கள் இங்கும் வேலை செய்வதைப் படிப்பவர் காணலாம். தோட்டத் தொழிலாளி விற்பது ஒன்றே, அவன் உழைப்பு. அதை வாங்குகிறவனும் ஒருவனே. அதே ஆள் வீட்டுக்குச் சொந்தக்காரன், பள்ளிக்கு இடம் கொடுத்தவன், பல இடங்களில் கடைக்கும் அனுமதி கொடுத்தவன். ஒற்றைக் கொள்முதலுக்குப் பாடப்புத்தகம் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட முடியாது. பின்னர் 1965-இன் தேசிய நிலச் சட்டத்தொகுப்பில் 214ஏ பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றானது. அந்தப் பிரிவு வந்தபோது துண்டாடலின் பெரும் அலை அடித்து முடிந்திருந்தது.

அரசு அசைவதற்கு முன் தமிழர்களே ஒரு வழி கண்டார்கள். ம.இ.கா. (மலாயா இந்தியக் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது, புக்கிட் சிடிம். ஹாஜிகளின் சேமிப்பு யோசனையும் பால்வெட்டுத் தொழிலாளியின் பத்து வெள்ளியும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவை. ஒன்று மற்றொன்றின் நகல் அன்று. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே. சிறு பணம் ஒன்றாகச் சேர்ந்தால் விலை சொல்லும் இடத்தில் ஏழையும் உட்காரலாம். உங்கு அசிஸ் 1971 முதல் தேசியக் கூட்டுறவு இயக்கமான அங்காசாவின் தலைவராக நெடுங்காலம் இருந்தது தற்செயல் அன்று என்றே படுகிறது.

விட்டுப்போன வரிசை

1969 மே இனக் கலவரத்துக்குப் பின் 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது அதன் முதல் இலக்கு. அடிப்படைக் கணக்கு 1970-க்கு எடுக்கப்பட்டது. தீபகற்பத்தில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன, கெடாவில் 63.2. தொழில்வாரியாகப் பார்த்தால் நெல் விவசாயிகள் 88.1, மீனவர்கள் 73.2, ரப்பர் சிறுதோட்டக்காரர் 64.7, தோட்டத் தொழிலாளர் 40.0.

கோத்தா கோலா மூடாவின் மீனவனையும், உள்ளே சில மைல் தள்ளிச் சுங்கைப் பட்டாணித் தோட்டத்தில் பால் வெட்டியவனையும் இந்த அட்டவணை அடுத்தடுத்து நிறுத்துகிறது. 73-க்கு 40 என்றால் திட்டம் போடுகிறவர் கண் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடா சமவெளிக்கு நீர்ப்பாசனத் திட்டம் வந்து 1970-இல் இருபோக நெல் விளையத் தொடங்கியது. மீனவர்களுக்கு வாரியமும் சங்கங்களும் வந்தன. இவை தேவையானவை, காலம் கடந்தே வந்தவை. அவற்றைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 40.0 என்ற எண்ணுக்குள் என்ன இருந்தது? தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மூத்த பிள்ளைகளும் சேர்ந்து மரத்துக்குப் போனார்கள். நான்கு பேர் கூலியைக் கூட்டினால் குடும்பம் கோட்டுக்கு மேலே நின்றது. பிள்ளை ஆறாம் வகுப்போடு நின்றதால் வந்த கூலியும் அந்தக் கூட்டலில் வரவு. ஓய்வு பெற்ற நாளில் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது எந்தக் கூட்டலிலும் செலவாக ஏறவில்லை.

சாரோங் குறியீடும் இங்கே வழுக்கிவிடும். தோட்டத்து வீட்டில் தலைக்கு ஒரு கைலிக்கு மேலேயே இருந்திருக்கலாம். கைலி கொடியில் தொங்கும், கொடி கட்டிய சுவர் அவர்களுடையதன்று. கம்பத்து மலாய்க்காரன் எவ்வளவு ஏழையானாலும் அவன் வீட்டை அவனே கட்டியிருந்தான். உடைமையை எண்ணும் அளவுகோல், வீட்டின் சாவி யார் கையில் என்று கேட்கும்படி நீண்டிருந்தால் இரண்டு வறுமைகளின் வேறுபாடு வெளிப்பட்டிருக்கும். உங்கு அசிஸின் மூன்று காரணங்களில் அதற்கு இடம் இருந்தது. அதைக் கையாண்ட கொள்கையில் இல்லை.

1980-க்கான கணக்கில் தோட்டத் தொழிலாளர் வறுமை 35.1 விழுக்காடு. பத்து ஆண்டுகளில் ஐந்து புள்ளிகூட இறங்கவில்லை. 1983-இல் சுதிர் ஆனந்த் உலக வங்கிக்காக வெளியிட்ட மலேசிய வறுமை ஆய்வு, வருமான ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி இனங்களுக்கிடையில் அன்று, ஒவ்வோர் இனத்துக்குள்ளும்தான் இருக்கிறது என்று பகுத்துக் காட்டியது. இந்தியர் சராசரியைப் பார்த்துத் தோட்டத்தை மறந்துவிடக்கூடாது என்பதற்கு அதுவே போதுமான ஆதாரம். 1995-இல் செல்வகுமாரன் ராமச்சந்திரனும் பாலா சண்முகமும் எழுதிய கட்டுரை நோயின் வேரையே தொட்டது. தோட்டத் தொழிலாளர் வரையறைகளால் தோற்கடிக்கப்பட்டவர்கள் என்றார்கள் அவர்கள். தோட்டம் தனியார் நிலம். எனவே கிராம மேம்பாட்டுத் திட்டத்தின் சாலை, குழாய்நீர், மின்சாரம், வீட்டுக் கடன் அதன் வேலியோடு நின்றன. தோட்டம் நகரமும் அன்று, எனவே நகர ஏழைகளுக்கான திட்டமும் வரவில்லை. உங்கு அசிஸ் 'புறக்கணிப்பு' என்று ஒரே சொல்லில் வைத்த மூன்றாவது காரணம், இங்கே அலுவலகப் படிவத்தின் ஒரு கட்டமாக நின்றது. கெட்ட எண்ணம் கொண்ட அதிகாரி ஒருவர்கூட அதற்குத் தேவைப்படவில்லை. கம்பத்துக்கு உரியது என்ற சொல் போதுமானதாக இருந்தது.

பிறகு தோட்டங்களே குறைந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சுங்கைப் பட்டாணியைச் சுற்றி வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்தை விட்டவர்கள் மலிவு வீடுகளுக்குப் போனார்கள், பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள்.  

2019-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் வந்துபோனார். குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்ற வறுமைக்கோட்டை வைத்துக்கொண்டு வறுமை 0.4 விழுக்காடு என்று சொல்வது உண்மையைக் காட்டாது என்றார். கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டபோது 2019-இன் வறுமை 5.6 விழுக்காடு என்றும், கெடாவில் 8.8 என்றும் வந்தது. புதிய அட்டவணைகள் மாநிலம், மாவட்டம், இனம், நகரம், கிராமப்புறம் என்று பிரிகின்றன. சுங்கைப் பட்டாணியில் மலிவு வீட்டில் இருக்கும் முன்னாள் பால்வெட்டுக் குடும்பம் அவற்றில் 'நகரம்' என்ற வரிசையில் விழுகிறது. 1970-இல் தோட்டத் தொழிலாளர் என்று ஒரு வரிசையாவது இருந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறியவர் என்ற வரிசை எந்த அட்டவணையிலும் இல்லை. அந்த வரிசையைக் கட்ட வேண்டுமானால் உங்கு அசிஸின் துண்டாடல் தொகுதிகளில் வரும் தோட்டப் பெயர்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தோட்டத்து மக்களும் எங்கே போனார்கள், யாருடைய வீட்டில் இருக்கிறார்கள், அந்த வீட்டின் சாவி யார் பெயரில் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.